வயிற்றின் மேல் ஏற்றிய விளக்கு

மூக்கில் போட்டிருந்த ரப்பர் குழாய் வழியாக வெளிறிய பழுப்பாக, கெட்டியாக ஏதோ ஏறி வந்து பாதியில் அடைத்துக்கொண்டது. டாக்டர் ஞானரட்ணத்தின் கை சிரிஞ்சோடு அப்படியே நின்றுவிட்டது. கட்டிலில் கிடந்தவன் நல்லையா, ரத்தோட்டைக்கு மேலே தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கால்மாட்டில் நின்றவள் அவன் பெண்சாதி கமலாட்சி. காலையில் தணிந்திருந்த அவன் வயிறு மாலை நாலு மணிக்குள் தப்பு மேளம் மாதிரி உப்பிவிட்டது.

"கஞ்சித்தண்ணியை விட வேற என்னத்தைக் குடுத்தனி?" டாக்டர் திரும்பாமலே கேட்டார்.

"மாரியாத்தா சத்தியமா ஒண்ணும் குடுக்கலைங்கய்யா. ஒரு பருக்கை சோறுகூட கண்ணுல காட்டலைங்க."

அவள் பொய் சொல்லவில்லை. ஒன்பது நாளாக அவள் காத்த காவல் அந்த வார்டுக்கே தெரியும். குடல் முறுக்கிக்கொண்டு துடித்தவனைத் தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்றே வயிற்றைத் திறந்து முறுக்கை அவிழ்த்துத் தைத்தார்கள். "குடல் சாகேல்லை. திகைச்சுப்போய் நிக்குது. அது தானா அசையுமட்டும் வாயில ஒண்டும் படக்கூடாது. அசைஞ்சாலும் கரண்டிக் கணக்குத்தான்" என்றார் டாக்டர். வேறு பெண்சாதியாக இருந்தால் பட்டினி போட்டே கொல்கிறார்கள் என்று ஒப்பாரி வைத்து, முந்தானைக்குள் ரொட்டியை மறைத்துக்கொண்டு வந்திருப்பாள். கமலாட்சி அப்படியில்லை, சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்கள் கொண்டுவந்த பணிஸ் ரொட்டியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த சாலிஹ் நானா பாவப்பட்டு ஒரு பிஸ்கோத்தை நீட்டியதற்கு, "எம் புருசனைக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று பிடித்த பிடியில் மனிதர் இரண்டு நாள் இந்தப் பக்கம் முகம் காட்டவில்லை.

ஏழாம் நாள் நல்லையாவுக்குக் காற்றுப் பிரிந்தது. வார்டே கேட்டுச் சிரித்தது. நர்ஸ் மார்ஜரி சிலுவை போட்டுக்கொண்டாள். கமலாட்சி சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அந்தச் சத்தத்துக்கு இப்படி அழுத பெண்ணைச் சாலிஹ் நானா தன் ஆயுசில் கண்டதில்லையாம். அன்றிலிருந்து உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி, மணிக்கு இரண்டு கரண்டி. மறுநாள் நாலு. ஒவ்வொரு கரண்டியும் இறங்குவதைக் கமலாட்சி அவன் தொண்டையைப் பார்த்தே எண்ணினாள்.

காற்றுப் பிரிந்த அன்றே தோட்டத்து மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அவன் சோறு தின்கிறவரைக்கும் தனக்கும் வெறும் பிளேன்டீதான். மறுநாள் சாயங்காலம் தோட்டத்துக்குப் போய்ப் பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, குழிபண்ணி நெய்யூற்றித் திரி போட்டாள். வயிற்று நோய்க்காரன்தான் சாமி முன்னால் மல்லாந்து படுத்து அதை வயிற்றின் மேல் ஏந்த வேண்டும். அவனுக்குப் பதிலாக இவள் படுத்தாள். வாழையிலையைத் தாண்டி நெய் வழிந்து தொப்புளுக்குப் பக்கத்தில் சுட்டது. திரி அணைகிற வரை அசையவில்லை. அந்த மாவைத்தான் இலையில் பொதிந்து காலை பஸ்ஸில் கொண்டுவந்தாள். பகல், நர்ஸ் சாப்பிடப் போன நேரம், அவன் கையில் வைத்தாள்.

நல்லையா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதைத் திங்கலாமா புள்ள?" என்று கேட்டான்.

"இது என்ன சோறா கறியா? ஆத்தா குடுக்குறது. மிச்சம் வைக்கக் கூடாது" என்று கோலிக்குண்டு அளவில் உருட்டி உருட்டி அவளே ஊட்டினாள். ஒன்பது நாள் பசி. அவன் முழுவதையும் தின்றான்.

இப்போது சாலிஹ் நானா தொண்டையைக் கனைத்தார். "தங்கச்சி, பகல் ஏதோ மாவு உருட்டிக் குடுத்தீங்களே?"

"அது மாவெளக்குங்க நானா. சாப்பாடு இல்லீங்களே."

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சிரிஞ்சின் நுனியில் ஒட்டியிருந்ததை மார்ஜரி விரலில் தொட்டு முகர்ந்து, "பச்சை மாவு டொக்டர்" என்றாள். ஏலக்காய் வாசனை கமலாட்சி வரைக்கும் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசலில் திருப்பி அனுப்பிய பணிஸெல்லாம் நினைவுக்கு வந்தது. ஒரு பிஸ்கோத்துக்கு அந்த மனிதரை என்ன பேச்சுப் பேசினாள்! ஊர்க் கையையெல்லாம் தடுத்துவிட்டுத் தன் கையாலேயே இடித்து, பிசைந்து, ஊட்டிவிட்டிருக்கிறாள். ஆத்தாவின் மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வலது கையை மட்டும் வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குழாயைக் கழற்றிக் கழுவி மறுபடி இறக்கினார். வந்த மட்டும் எடுத்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, உப்பிய வயிற்றில் நாலு மூலையிலும் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"சத்தமில்லை. திரும்பவும் நிண்டிட்டுது."

"இனி அசையுங்களாய்யா?"

"பாப்பம்" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஒருக்கா கேக்கட்டுங்களா?"

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கமலாட்சி மண்டியிட்டு, தையலுக்கு மேலே பட்டும் படாமல் காதை வைத்தாள். தோல் கொதித்தது. உள்ளே ஒன்றுமில்லை. நல்லையாவின் விரல்கள் அவள் தலைமுடியைத் தேடி வந்து தொட்டன. வார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நிசப்தத்தில் கடமுடவென்று ஒரு சத்தம் உருண்டோடியது.

"கேட்டுச்சு!" சாலிஹ் நானா முறிந்த காலை மறந்து எழப் பார்த்தார். மார்ஜரியின் கை நெற்றிக்குப் போனது. டாக்டர் சட்டென்று குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நல்லையா கண்ணைத் திறந்து, எல்லார் முகத்தையும் ஆசையாகப் பார்த்தான்.

கமலாட்சி காதை எடுக்கவில்லை. இடது கையை முஷ்டியாக்கி, மறுபடி ஒரு சத்தம் கிளம்பிவிடாதபடி, நெய் சுட்ட இடம் எரிய எரிய, இரண்டு நாளாக ஒன்றும் தின்னாத தன் வயிற்றுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.