மறுநாள்தான் தெரியும்

பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு ஒரு திங்கட்கிழமை காலை, கரும்பலகை முன்னால், ஏழெட்டு எத்தனை என்று வரவில்லை. கொரோனா வந்துபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் போனதே தவிர பலம் திரும்பவில்லை. தலைக்குள் பஞ்சை அடைத்தாற்போல இருந்தது. டீச்சர் விளையாடுகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். முன்பெஞ்சுப் பெண் மட்டும் சிரிக்காமல், "ஐம்பத்தாறு, டீச்சர்" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள். சிரிப்பைத் தாங்கிக்கொண்டவரால் அந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. மறுநாளே லீவு எழுதிக்கொடுத்தார்.

கணவர் ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் இருந்தார். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் பொறுமை போய்விட்டது. "ஒண்ணுமே இல்லேன்னு எழுதியிருக்காங்க. நீயா நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கே."

நாத்தனார் அதற்கு மேல் ஒரு படி. "எனக்கும்தான் வந்துச்சு, அண்ணி. அஞ்சாம் நாளே எழுந்து வீடு துடைச்சேன்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நாத்தனாருக்கு வந்தும் தெரியவில்லை.

லீவெல்லாம் தீர்ந்து, மருத்துவக் குழு முன்னால் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. டீச்சர் இரண்டு நாள் அசையாமல் படுத்துத் தெம்பைச் சேர்த்துக்கொண்டு போனார். இரண்டு மாடி ஏறச் சொன்னார்கள். பரீட்சை என்று எதிலும் தோற்றுப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

"நல்லாத்தானே ஏறுறீங்க?" என்று பெரிய டாக்டர் 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிவிட்டார்.

வெளியே பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பஸ் கண்டக்டரம்மா இவர் முகத்தைப் பார்த்தார்.

"பாஸ் பண்ணிட்டீங்களா?"

"ஆமா."

"போச்சு போங்க. அவங்க பார்க்கறது இன்னைக்கு. நமக்கு அடி விழறது நாளைக்கு. போன தடவை நானும் ரோஷத்துல ஏறிக் காட்டிட்டு, பதினோரு நாள் எழுந்திரிக்கலை."

வாய்விட்டுச் சொல்லாமலே ஒருவர் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து டீச்சர் அழுதுவிட்டார்.

மறுநாள் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடத் தூக்க முடியவில்லை. அன்று சாயங்காலம், நம்பர் வாங்கிப்போயிருந்த கண்டக்டரம்மா போன் செய்தார். இதேபோல் அவதிப்படும் இன்னும் ஐந்து பேரை இணைப்பில் சேர்த்தார். அன்றிலிருந்து தினமும் எல்லோரும் படுத்தபடி பத்து நிமிஷம் பேசுவார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். "நாற்காலியே போடாம கூட்டம் நடத்துற ஒரே சங்கம் நம்மளுதுதான்" என்பார் கண்டக்டரம்மா. டீச்சர் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நாத்தனார் காதில் விழுந்தது. "ஊரார்கிட்ட சிரிக்கத் தெம்பிருக்கு. வீட்டு வேலைக்குத்தான் இல்லையா?"

மேல்முறையீட்டுக்கு வழி சொன்னதும் கண்டக்டரம்மாதான். "அடுத்தடுத்து ரெண்டு நாள் பாருங்கன்னு எழுதுங்க, டீச்சர்." குழு வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டது. முதல் நாள் டீச்சர் மாடி ஏறினார். இரண்டாம் நாள் சக்கர நாற்காலியில்தான் போக முடிந்தது. ஆஸ்பத்திரி ஆயா தள்ள, கண்டக்டரம்மா தானும் மூச்சு வாங்கக் கூடவே நடந்தார். பெரிய டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல டீச்சருக்கு நாக்கு எழும்பவில்லை.

இந்த முறை நம்பினார்கள். நம்பியதால், 'வகுப்பெடுக்கத் தகுதியில்லை' என்று எழுதினார்கள். பள்ளிக்கூடம் அவருடைய வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தது.

கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அப்போ நெஜமாத்தானா?"

"நான் வாயால சொன்னதுல முத்திரை இல்லாமப் போச்சு" என்றார் டீச்சர். "உங்க தங்கச்சிக்கும் ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். டீச்சர் அவரைக் கூப்பிடவில்லை. போனை எடுத்துக் கண்டக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

கண்டக்டரம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எனக்கு பஸ் வேலை போனப்போ மூணு நாள் அழுதேன். நீங்களும் அழுங்க. ஆனா படுத்துக்கிட்டு அழுங்க, டீச்சர். உக்காந்து அழற அளவுக்கு நம்மகிட்ட தெம்பு கிடையாது."

டீச்சர் படுத்துக்கொண்டார்.