ஏழு கற்களில் ஒன்று

1

இக்கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில், ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பதிக உரை நிகழ்த்தச் சென்றேன். வழியில், வயலோர வேம்பின் கீழ், மஞ்சள் பூசிய ஏழு கற்கள் வரிசையாக நின்றன. கன்னிமார். செருப்பைக் கழற்றிவிட்டு வணங்கினேன். பின்னால் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த நில அளவர் மாதையன் சிரித்தார்.

"ஏனுங்க ஐயா, அதுல ஒண்ணு சர்வே கல்லுங்க. சர்க்காருக்கும் சேர்த்துக் கும்புட்டுப் போட்டீங்க."

அன்று தொடங்கிய கலக்கம் இன்னும் அடங்கவில்லை.

2

வாழ்த்தின்றி நூல் தொடங்குதல் என் வழக்கமன்று. ஆகவே முதல் வரைவு இப்படி அமைந்தது:

"ஆதியும் அந்தமும் இல்லாப் பரம்பொருளைத் தொழுது, இரு வயல்களின் நடுவே ஓடும் ஒரு கோட்டின் கதையை…"

அடித்துவிட்டேன். இறைவனை அழைத்துவந்து பங்காளிச் சண்டைக்குச் சாட்சி வைப்பதா?

இரண்டாம் வரைவு: "பாவாயிக்கு உறக்கம் வரவில்லை." உண்மைதான். ஆனால் பாவாயி யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. கீழ்புற வயலுக்கு உரியவள், கணவனை இழந்தவள். மேல்புற வயல் கணவனின் தம்பி சென்னிமலையுடையது. இரண்டிற்கும் இடையே ஒரு கிணறு. முறை வைத்து இருவரும் இறைத்துவந்தார்கள். மழை பொய்த்த அவ்வாண்டில், கிணறு தன் நிலத்தில் இருப்பதாகச் சொல்லிச் சென்னிமலை மோட்டார் அறையைப் பூட்டினான். பாவாயியின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வாடத் தொடங்கியது. அளந்து எல்லை காட்டும்படி மனுக் கொடுத்தவள் அவளே. மனுக் கொடுத்த நாள் முதல் நடுங்கிக்கொண்டிருந்தவளும் அவளே.

3

(இப்பகுதியை விரும்பாதோர் தாண்டிச் செல்லலாம். நானோ தாண்ட இயலாமல் தவிக்கிறேன்.)

முன்னோர் நிலத்தை அதில் வாழ்வோரின் ஒழுக்கத்தால் ஐந்தாகப் பகுத்தனர். மாதையனின் துறை அளவையையே பலவாகப் பகுத்திருக்கிறது. உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்டால் உட்பிரிவு அளவை. குடியிருப்பு மனைகளுக்கு நத்தம் அளவை. வாய்க்கால் எப்பக்கம் சரியும், சாலை எங்கே மேடேறும் என்றறிய மட்ட அளவை. குன்றும் ஓடையும் படத்தில் ஏறவேண்டுமாயின் அதற்கும் ஓர் அளவை உண்டு. பழைய படம் நிலத்தோடு ஒவ்வாதபோது மறு அளவை. அண்டை வயலார் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியபின் வருவது எல்லை அளவை. (கடைசி வரையறை என்னுடையது, மாதையன் பொறுப்பல்லர்.)

எல்லை அளவைக்கு இரண்டு முனைகளும் வேண்டும். தெற்குக் கல் இருந்தது. வடக்குக் கல்லைக் காணோம். சுற்றுவயல் கற்களோ எப்போதோ உழவில் பெயர்ந்து போயின. விசாரித்தபோது ஊரார் சொன்னது இது. முன்னொரு காலத்தில் கன்னியருள் ஒருத்தியின் கல் உடைந்தது. சென்னிமலை வீட்டு முன்னோர் வேறு கல் தேடவில்லை. எஞ்சிய ஆறு கற்களைக் கொண்டுவந்து, வயல்களின் வடக்கு முனையில் நின்ற எல்லைக் கல்லோடு வரிசையாக நட்டு, ஏழாக்கிப் பூசித்தனர். எல்லைக் கல் இடம் மாறவில்லை; தெய்வங்களே அதனிடம் வந்து சேர்ந்தன. அது வரிசையில் எத்தனையாவது என்பது மட்டும் எவருக்கும் நினைவில்லை.

"படத்துல கோடு இருக்குதுங்க," என்றார் மாதையன். "தரையில அதை நிறுத்தக் கல்லு வேணுமில்லீங்க?"

கிழக்கு மேற்காக நின்ற அவ்வரிசைக்கு நேர் தெற்கே, அதன் நீளத்துக்குள் அடங்கும் கிணறு. மேற்குக் கோடியில் நிற்பது எல்லைக் கல்லாயின், கிணறு பாவாயிக்கு. கிழக்குக் கோடியாயின், சென்னிமலைக்கு. எல்லைக் கல்லின் தலையில் உளியால் வெட்டிய குறி இருக்கும். அதன்மேல் தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் எண்ணெயும் தோலாகப் படிந்திருந்தன.

4

"சொரண்டிப் பாருங்க," என்றான் சென்னிமலை மாதையனிடம்.

"நானுங்களா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க. உங்க சாமி, நீங்க சொரண்டுங்க."

"ஆம்பளைக தொடப்படாதுங்க. மூத்த மருமக தான் குளிப்பாட்டோணும்." சற்று நிறுத்தி, பல நாளாகப் பேசாத அண்ணன் மனைவியை அவன் முறை சொல்லி அழைத்தான். "ஏனுங்க நங்கை… நீங்க தானுங்க."

5

இங்கே என் எழுதுகோல் நின்றது.

பாவாயி அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், வெள்ளிதோறும் அக்கற்களை நீராட்டியவள். எண்ணெய் வழித்த விரல்களுக்கு ஒரு கல்லின் தலையில் மட்டும் சிறு பள்ளம் தட்டுப்பட்டிருக்காதா? ஏதும் அறியாது நடுங்குபவளாக அவளை இதுவரை எழுதிவந்தேன். ஒருவேளை, அறிந்ததனாலேயே… (இத்தொடரை முடிக்க அஞ்சுகிறேன்.)

அவளையே கேட்டுப் பார்த்தேன்.

"பாவாயி, உனக்குத் தெரியுமா?"

"கதை எழுதற உங்களுக்கே தெரியலீங்களா சாமி?" என்றாள். "அப்பறம் என்னத்துக்கு என்னைய இந்த வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்க?"

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

குறி கிழக்கில். அவள் பயிர் கருகுகிறது. (எழுதியதை உடனே கிழித்துப் போட்டேன்.)

குறி மேற்கில். பூட்டுத் திறக்கிறது. இனிச் சென்னிமலை தண்ணீருக்கு அவள் வாசலில் நிற்கவேண்டும்.

குறி நடுக்கல்லில். கோடு கிணற்றைச் சரிபாதியாக வெட்டுகிறது. கேட்போர் மகிழ்வர், அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்றிலும் ஒரே அச்சம். குறி தெரிந்த மறுகணம் ஒரு கன்னி கல்லாகிவிடுவாள். அடுத்த வெள்ளியன்று பாவாயி எத்தனை கற்களுக்கு நீர் வார்ப்பாள்?

7

எனினும் அவள் குடத்தையும் தேங்காய் நாரையும் எடுத்துவந்தாள். தலையில் நீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கற்களின்முன் அமர்ந்தாள்.

"பாத்துங்க நங்கை, வழுக்கும்," என்றான் சென்னிமலை.

"கெழங்குக் காட்டுக்குத் தண்ணி உட்டிருந்தா நான் எதுக்குச் சாமி இங்க வந்து உக்காரறேன்?" என்றாள் கொழுந்தனிடம்.

மாதையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நார் நீரில் நனைந்தது. வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் கையை நீட்டினாள்.

நான் கைகூப்பினேன், கூப்பியதும் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வணங்கும்போது நான் பார்ப்பதில்லை. அது என் பழக்கம். அவள் கை எந்தக் கல்லுக்குப் போயிற்று, எந்தக் கல்லைத் தொடாமல் விட்டது, எனக்குத் தெரியாது.

நீங்கள் கண்களை மூடவில்லை. சொல்லுங்கள்.