மூடாத கதவும் இரண்டு தட்டும்

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரை விட்டுத் தள்ளி, பனி கொட்டும் வடக்கு மலைப்பகுதியில், கொஞ்சம் நிலத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோனார். போனதும் அவர் உடம்பில் புது ரத்தம் ஊறிவிட்டது. குளிர்காலம் வருவதற்குள் விறகைப் பிளந்து அடுக்கினார். குழாயில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்கப் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினார். புகைபோக்கிக்குள் தலையை விட்டுச் சுத்தம் செய்து, அரை நாள் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத முகத்தோடு திரிந்தார். மிச்சம் இருந்தது வாசல் கதவு ஒன்றுதான்.

அந்தக் கதவு மூடாது. தோளால் முட்டினால் முக்கால்வாசி போய் நின்றுகொள்ளும். மிச்ச இடைவெளி வழியாகக் குளிர்காற்று சொந்தக்காரன் மாதிரி உள்ளே வந்து உட்காரும்.

"அடுத்த வாரம் அண்ணன் வர்றாரு இல்ல? அவரு பாத்துக்கட்டும்" என்றாள் மனைவி. அவள் அண்ணன் தச்சர்.

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. மச்சான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் தடவிப் பார்த்து "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்" போதும், வீட்டுக்காரனின் மானம் கப்பலேறிவிடும்.

"ஒரு கதவை இழைக்க உங்க அண்ணன் எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்குறதுதாங்க பயமா இருக்கு."

அவர் காதில் வாங்கவில்லை. கதவைக் கழற்றி முற்றத்தில் இரண்டு முக்காலிகள் மேல் கிடத்தி, இழைப்புளியை எடுத்தார். மரச்சீவல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. ருசி கண்டுவிட்டார். அடிப்பக்கம் இழைத்து வாசல் நிலையில் வைத்துப் பார்த்தால் மேலே இடித்தது. மேலே இழைத்தால் பக்கவாட்டில் பிடித்தது. பக்கவாட்டில் இழைத்ததும், அடியில் ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருப்பது போல் கண்ணில் பட்டது.

"போதுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரே ஒரு இழுப்பு!"

அந்த ஒரு இழுப்பு மதியம் வரை நீண்டது. கடைசியில் கதவைத் தூக்கி நிறுத்தி, நிலைக்குள் செலுத்தினார். அது எங்கேயும் நிற்கவில்லை. காலி பஸ்ஸில் ஏறும் பயணி மாதிரி நேராக உள்ளே போய்த் தரையில் படாரென்று படுத்தது. அதன் மேல் கண்டக்டர் குப்புறக் கிடந்தார்.

"உள்ள வந்துட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. வாசலில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டார். அது காற்றில் வயிறு ஊதி, வீட்டுக்குள் பாதி தூரம் வந்து போனது. மனைவி பல் கிடுகிடுக்க முற்றத்துக்கு அப்பால் இருந்த ஆட்டுக்கொட்டகையைக் காட்டினாள்.

"அந்தக் கதவு கொட்டகை வாசலுக்கே பெருசு. அதைக் கொண்டாந்து மாட்டுங்க. தயவு செஞ்சு இழைக்காதீங்க."

மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஒரே குறை, ஆடுகள் தலை நீட்டிப் பார்ப்பதற்காக அதில் முழங்கால் உயரத்தில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. ஆடுகள் மட்டும் குளிரில் கிடக்கலாமா? இழைத்துச் சிறுத்த வாசல் கதவைக் கொட்டகைக்கு மாட்டினார். வார்னிஷ் பளபளக்க, "காலைத் துடைத்துவிட்டு வரவும்" என்ற பலகையோடு அது அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. நூலிழை இடைவெளி இல்லை.

மச்சான் சொன்ன நாள் வரை காத்திருக்கவில்லை. மறுநாளே வந்து இறங்கிவிட்டார். சுற்றிலும் எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கண்ணில் பட்ட நல்ல கதவை நோக்கி நடந்தார். பலகையைப் படித்தார், காலை ஒழுங்காகத் துடைத்தார், திறந்தார். ஆடுகள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தன.

கண்டக்டர் பதறிப்போய்க் குந்தி உட்கார்ந்து, ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார். "மச்சான்! இந்தப் பக்கம்!"

மச்சான் திரும்பினார். முழங்கால் உயரத்தில் ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"மாப்ளே, உங்களை எதுக்கு அங்க கட்டிப் போட்டிருக்காங்க?"

விஷயத்தைக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நிலையில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"கதவுல குத்தமே இல்ல மாப்ளே. நிலைதான் சாஞ்சிருக்கு. நீங்க ஒரு சீவல்கூட எடுத்திருக்க வேணாம்."

கண்டக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "இப்ப நிமித்த முடியுமா?"

"ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"அண்ணே, வேணாம். இந்த ஓட்டையோடவே நாங்க இருந்துக்குறோம்" என்றாள் தங்கை.

மச்சான் ஒரு தட்டு தட்டினார். நிலை அசையவில்லை. இரண்டாவது தட்டுக்கு நிலை மெதுவாக வெளியே சாய்ந்தது. கூடவே பக்கத்துச் சுவரில் ஒரு ஆள் அகலத்துக்குச் செங்கல் சரிந்தது. அதில் மாட்டியிருந்த காலண்டரும் கண்டக்டரின் கோட்டும் மாட்டியபடியே பனியில் போய் விழுந்தன.

மச்சான் குனிந்து ஒரு செங்கலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சுவத்துலதான் குத்தம்" என்றார் மச்சான்.

மனைவி வெந்நீர்க் கெண்டியையும் ஒரு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு நேராக ஆட்டுக்கொட்டகைக்குப் போனாள். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

ஆண்கள் இருவரும் கைவிரல் விறைக்கச் செங்கல் பொறுக்கினார்கள். வெந்நீர் ஊற்றி சிமெண்ட் குழைத்தார்கள். நடுவில் மச்சான் கொட்டகைப் பக்கம் பார்த்து, "சும்மா சொல்லக் கூடாது மாப்ளே, அந்தக் கதவு ஜம்முனு உக்காந்திருக்கு" என்றார். கண்டக்டருக்கு அந்தக் குளிரிலும் காது சூடாகிவிட்டது. இனி மச்சான் எந்தச் சுவரைத் தட்டச் சொன்னாலும் தட்டுவதற்குத் தயாராக இருந்தார்.

வேலை முடியும் வரை சமையலறை அடுப்பைச் சுற்றித்தான் எல்லோருக்கும் படுக்கை. சுவர் எழுந்தது. நிலை நேராக நின்றது. மச்சான் புதுக் கதவே செய்து மாட்டினார். காற்று ஒரு பொட்டுக்கூட நுழையவில்லை. அன்று ராத்திரி எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள்.

விடிந்ததும் கண்டக்டர் கதவைத் தள்ளினார். அசையவில்லை. மச்சானும் சேர்ந்து தள்ளினார். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டியிருந்தார்கள். வெளியே இடுப்பளவு பனி குவிந்து கிடந்தது.

மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து முதலில் மண்வாரியை வெளியே போட்டாள். அப்புறம் புருஷனை ஏறச் சொன்னாள், அவருக்குப் பின்னால் அண்ணனை. இருவரும் பனிக்குள் பொத்தென்று விழுந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, அடுப்பில் தேநீர் வைக்கப் போனாள்.