ஒட்டுக்குக் கீழே வந்த கிளை

1

இப்போதெல்லாம் அட்டையில் அச்சடித்துவிட்டால் போதும், ஆளாளுக்கு நம்பிவிடுகிறார்கள். என் மனைவியும் அப்படித்தான். ‘கலப்பினப் புதர் ரோஜா. நோய் தாங்கும். வருடம் முழுக்கக் கொத்துக்கொத்தாகப் பூக்கும்’ என்ற அட்டையை நம்பி வாங்கி, ஜன்னலோரம் நட்டாள். இந்தக் கதை அந்த அட்டையிலிருந்து கிளம்பியது. எட்டாவது தாண்டாத வெல்டர் எழுதுவது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

‘ஒரு கிழவர் இருந்தார். அவருக்குப் பயம் என்பதே’

(வேண்டாம். பொய்.)

மறுபடி. கிழவரின் மனைவி நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாள். ஜன்னலோர ரோஜாவைப் பார்த்தபடி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: “அது இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன், பாருங்க.” கிழவர் சிரித்து மழுப்பினார். அன்றிலிருந்து விடிந்ததும் செடியைப் பார்த்துவிட்டுத்தான் அவள் மூச்சைக் கவனிக்கிறார்.

3

பூ நின்றது. மேல்கிளைகள் வாடின. திடீரென்று அடியிலிருந்து கட்டைவிரல் கனத்தில் ஒரு தண்டு கிளம்பி, விறுவிறுவென்று ஜன்னலை எட்டியது. அவள் முகம் தெளிந்தது; இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

(கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.)

4

மகள் நாற்றுப்பண்ணைக்காரரை அழைத்துவந்தாள். அவர் மண்ணைக் கிளறினார்.

“பெரியவரே, இது உங்க ரோஜா இல்ல. காட்டு ரோஜா வேர்ல ஒட்டுப் போட்டது. ஒட்டுக்குக் கீழ இருந்து அந்தக் காட்டுச் செடி கிளம்பியிருக்கு. சத்தெல்லாம் அதுவே குடிச்சிடும். பிய்ச்சு எடுத்துடுங்க.”

“எடுத்தா மேல இருக்கிறது பிழைக்குமா?”

“சொல்ல முடியாது.”

“இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

(புதுத் தண்டுக்குத் தெம்பு வரட்டும் என்று மேல்கிளைகளைக் கிழவரே வெட்டியிருந்தார். ஒரே ஒரு குச்சிதான் மிச்சம். பண்ணைக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.)

5

முடிவு ஒன்று: பிய்க்கிறார், குச்சி துளிர்க்கிறது. அட்டை அச்சடித்தவனுக்குப் பிடித்த முடிவு.

இரண்டு: பிய்க்கிறார், குச்சி காய்கிறது, ஜன்னலில் வெறும் வானம், அவள்

(எழுத மாட்டேன்.)

மூன்று: விட்டுவிடுகிறார். முள்ளும் இலையுமாகப் பச்சையாக நிற்கிறது. அவளுக்கு வித்தியாசம் தெரியாது. அவள் நட்டது செத்துவிட்டது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

கிழவர், கிழவர் என்றது போதும். கை என்னுடையது. இன்று காலை குத்துக்காலிட்டு அந்தத் தண்டை அடியில் பிடித்தேன்.

“என்னங்க பண்றீங்க அங்க?”

“சும்மா. புல்லு பிடுங்குறேன்.”

பிடியை விட்டேன். பண்ணைக்காரர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்து ஒரு முடிவு செய்யுங்கள். கேட் திறந்துதான் இருக்கிறது. நான் உள்ளே போகிறேன்.