குறட்டையில் வெளுத்த விரிப்புகள்

ஓர் ஆஸ்பத்திரியின் மொத்தப் படுக்கை விரிப்புகளையும் நான் குறட்டை விட்டே அலசி, உலர்த்தி, மடித்து அனுப்பியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் ஒருவரே இத்தனை வருடமாகச் சிரிப்பது போதும். அந்த விரிப்புகளை ஏற்றிப்போன வேன் டிரைவரே அவர்தான் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நான்தான் தலைவி. யார் மடித்தாலும் அது என் மேசைக்கு வந்து, நான் ஒருமுறை பிரித்து மடித்தால்தான் என் மனசு ஆறும். மேசைமேல் குவிந்த விரிப்பு மலையில் மேகம் முட்டியதைக்கூட ஒருநாள் பார்த்தேன். வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு கிடக்கும்.

"அங்க துணி துவைக்கிறீங்களா, நெய்யறீங்களா?" என்பார் வீட்டுக்காரர்.

கூடத்துப் பெண்கள் தப்புச் செய்தால் எனக்குக் கோபமே வராது. "விடுடி, அலசினாப் போச்சு" என்று முடித்துவிடுவேன். தப்பு என்னுடையது என்றால் மட்டும் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டாது. ஒரு பித்தான் தொலைந்ததற்கு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவள் நான்.

புது வார்டு திறக்கும் நாள் வந்தது. நாலு மணிக்குள் விரிப்புகள் வராவிட்டால் சலவையை வெளியாளிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் எல்லோருடைய பிழைப்பும் அந்த நாலு மணியில் தொங்கியது. எனக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. அந்தப் பதற்றத்தில், டாக்டர்களின் கோட்டுக்கு வைத்திருந்த கஞ்சியை விரிப்பு மிஷினில் கொட்டிவிட்டேன்.

உலர்த்தியைத் திறந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விரிப்பு விறைப்பாக எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தது.

தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் தனியாளாக அலசக் கிளம்பினேன். வாளி நழுவி விழுந்தது. ஆமையைவிட மெதுவாக நடப்பதால் நாங்கள் 'புயல்' என்று கூப்பிடும் பெண் வந்து நின்றாள்.

"அக்கா, கஞ்சிய நான் கொட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அலசினாப் போச்சுன்னு."

"அதையே சொல்லித் தொலைங்களேன். நேரமாகுது."

நான் என் கன்னத்தை நானே தட்டிக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "அடியே, விடுடி. அலசினாப் போச்சு!"

கூடமே சிரித்தது. அடுத்து என் வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம். "எல்லாரும் சேர்ந்து அலசுங்க. மடிச்சது எதுவும் என் மேசைக்கு வர வேண்டாம், நேரா வாசலுக்குப் போகட்டும். நான் சாப்பிடப் போறேன்."

டப்பாவை வழித்துச் சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். என் குறட்டைக்குத் தாளம் போட்டபடிதான் மிஷின்கள் சுற்றினவாம். விழித்துப் பார்த்தால் மேசை காலி. அது பச்சை மேசை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது! விரிப்புகள் மல்லிகைபோல் மெத்தென்று வாசலில் காத்திருந்தன. வேனைத்தான் காணோம். கடைசியில் அது வந்து நின்றதும் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று வாயாலேயே ஹாரன் அடித்தோம். பாம்! பாம்!

நாலு மணிக்கு முன்பே வார்டில் விரிப்புகள் விரிந்துவிட்டன. எங்கள் வேலையும் நிலைத்தது. ஓய்வுபெறும்வரை மதியத் தூக்கத்தை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

நேற்று புயல் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கதையை ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் வழக்கம்போலச் சிரித்தார்.

"ஏண்ணே, நாங்க வாயால ஹாரன் அடிச்சது யாரப் பார்த்து?" என்றாள் புயல்.

அவர் காபி தம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, சரி. எப்படியும் இவ லேட் பண்ணுவான்னு நம்பி நான் வேன்லயே தூங்கிட்டேன். வந்து பார்த்தா எல்லாம் ரெடி. இவ சொல்றது நடந்ததுதான், போதுமா?"