மேலேயும் இல்லையா

1

இந்தக் கதை கரண்ட் போனதால் பிறந்தது. வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. நான் மெழுகுவத்தி தேடவில்லை. நேரே பால்கனிக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் இருட்டு. அப்பாடா என்று இருந்தது.

நீங்களும் அப்படித்தான் எட்டிப் பார்ப்பீர்கள், மறைக்காதீர்கள். எல்லோருக்கும் போயிருந்தால் தானாக வந்துவிடும். நமக்கு மட்டும் போயிருந்தால்தான் பேஜார். அந்த எட்டிப்பார்த்தலை வைத்து ஒரு கதை எழுதலாமே என்று தோன்றியது.

2

முதல் தொடக்கம்: "குரோம்பேட்டையின் அமைதியான மாலைப் பொழுதில்…" (அடித்துவிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலையில் ஒருமுறையாவது நின்றவர்கள் மேற்கொண்டு படிக்கமாட்டார்கள்.)

இரண்டாவது: "சந்திரிகா இருட்டைக் கண்டு பயப்படுகிறவள் அல்ல, ஆனால்…" (ஆனால் என்ன? எனக்கே தெரியவில்லை.)

மூன்றாவது. இது இருக்கட்டும்: கரண்ட் போனால் மட்டும்தான் சந்திரிகாவும் சரசுவும் பேசிக்கொள்வார்கள்.

3

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் முனிரத்தினத்தின் மனைவி சந்திரிகா மாடியில். தம்பி சிவகுமாரின் மனைவி சரசு கீழே. மாமனார் நிலத்தில் கட்டிய ஒரே வீடு. மாடிப்படி வெளியே, சரசுவின் வாசலை ஒட்டி ஏறும்.

சந்திரிகாவின் மகள் ரோஹிணிக்கு ஆவணியில் சம்பந்தம் பேசினார்கள். தட்டு மாற்றும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அந்த வீட்டு வழக்கம். சந்திரிகா சரசுவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டு பெண் பார்க்க வந்தபோது எடுத்த படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். ரோஹிணியை இடுப்பில் தூக்கி வளர்த்த சித்தி, ஊரோடு சேர்ந்து அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"என் கண்ணுதான் பட்டுடுமா அக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதோடு பேச்சு நின்றது.

தையில் கல்யாணம். சித்தியில்லாத மேடையைச் சந்திரிகாவால் நினைத்துப் பார்க்கவே முடியாது. போய்ப் பேசவோ வாய் வராது.

ஆனால் கரண்ட் போனால், கீழேயிருந்து குரல் வரும்.

"அக்கா, மேலயும் இல்லியா?"

"இல்ல சரசு."

"எப்ப வருமோ."

"வந்துடும், வந்துடும்."

இது பேச்சில் சேராது என்பது இருவரின் கணக்கு. விளக்கு எரிந்ததும் அவரவர் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்து கரண்ட் எப்போது போகுமென்று சந்திரிகா காத்திருக்கத் தொடங்கியிருந்தாள். குரோம்பேட்டையிலேயே அப்படிக் காத்திருந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

(ஒரு குறிப்பு: சந்திரிகா வீட்டு ஹால் ஃபேன் பழசு. அது சுற்றினால் கீழே சரசு வீட்டில் கடகடவென்று கேட்கும். இதை மறந்துவிடாதீர்கள். நானே மறக்க இருந்தேன்.)

4

ரோஹிணிக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மீட்டிங் நடுவில் கரண்ட் போய்ப்போய் அலுத்து, இன்வெர்ட்டர் வாங்கிவிட்டாள்.

"இனிமே உனக்கும் நிம்மதி, அம்மா."

சந்திரிகா தலையாட்டினாள். நிம்மதியாக இல்லை.

5

புரட்டாசிப் புழுக்கம். விளக்கு வைக்கும் நேரம். ரோஹிணி கடைக்குப் போயிருந்தாள். தெரு முழுக்க அணைந்தது. மாடியில் மட்டும் விளக்கு எரிந்தது.

"அக்கா, மேலயும் இல்லியா?"

'இருக்கு' என்றால் அதோடு முடிந்தது. அடுத்தமுறை அவள் எதற்குக் கேட்கப்போகிறாள்? சந்திரிகா எட்டி ஹால் விளக்கை அணைத்தாள்.

"இங்கயும் இல்ல சரசு."

இங்கே முடித்துவிட்டு எழுந்து காபி போடப் போனேன். நல்ல முடிவு என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். பால் பொங்கும்போதுதான் உறைத்தது. படி சரசுவின் வாசலை ஒட்டித்தானே ஏறுகிறது? இன்வெர்ட்டரோடு வந்த அந்தப் பெரிய பேட்டரியை இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கிப் போனதை அவள் எப்படிப் பார்க்காமல் இருப்பாள்? பார்த்திருப்பாள். "பூந்தொட்டிய இடிச்சிடாதீங்கப்பா" என்று சொல்லியும் இருப்பாள்.

கதையில் ஓட்டை. அடைக்கலாம்: பேட்டரி வந்த அன்று சரசு திருநீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தாள் என்று ஒரு வரி. எழுதினேன். அடித்தேன்.

ஏனென்றால், சரசு தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். மேலே விளக்கு எரியும் என்று தெரிந்தும், 'மேலயும் இல்லியா' என்று கேட்டிருக்கிறாள். காபி ஆறிப்போனது.

6

ஆகவே திரும்ப எழுதுகிறேன்.

"இங்கயும் இல்ல சரசு."

இருட்டில் ஒரே சத்தம்தான். கடகட, கடகட. சந்திரிகா அண்ணாந்து பார்த்தாள். விளக்கை அணைத்தவள் ஃபேனை மறந்துவிட்டாள்.

"சரிக்கா," என்றாள் சரசு. குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. "ஃபேனையும் நிறுத்திட்டு கீழ வாங்க. படியாண்ட நல்லா காத்து வருது."

சந்திரிகா ஸ்விட்சில் கைவைத்தபடி நிற்கிறாள். அவளுக்கு முட்டிவலி. இறங்க நேரமாகும். இந்தப் பக்கமோ போன கரண்ட் சீக்கிரம் வந்துவிடும்; வந்துவிட்டால் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

'கரண்ட் வந்தது' என்ற வரியை நான் எழுதப்போவதில்லை. அதை எப்போது எழுதுவது என்பதை உங்களிடம் விடுகிறேன். அவசரப்படாதீர்கள். அவள் முதல் படியில்தான் கால் வைத்திருக்கிறாள்.