இன்றைக்குக் கடை இல்லை

நீலாவதி ஆற்றோர மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராக்கம்மா வந்து அவள் கையிலிருந்த துணியைப் பிடித்தாள்.

"குடு நீலா. புருஷன உள்ள கெடத்திட்டு மேச தொடைக்கிற நேரமா இது?"

"வர்றவங்க ஒக்காரணும்லக்கா. கவுச்சி அடிக்குது."

ராக்கம்மா இத்தனை வருடம் அந்தச் சமையலறையில் அவளோடு சேர்ந்து வெந்தவள். துணியை வாங்கி மீதியை அவளே துடைத்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் வீரமுத்து இறால் குட்டையில் வலை இழுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தான். நெஞ்சைத் தடவிக்கொண்டு கோப்பி கேட்டான். அவள் கலக்கிக்கொண்டு வருவதற்குள் சரிந்து கிடந்தான். லோரியில் ஏற்றிச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. உடல் வீடு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. நீலாவதி இன்னும் கண் மூடவில்லை. அழுகையும் வரவில்லை. கால்கள் மட்டும் வலித்தன.

சுவா என்ற ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து போகும் மண்பாதை முடிகிற இடத்தில்தான் கடை. சேற்றில் கால் ஊன்றிய பாக்காவ் மரங்களுக்கு நடுவே பலகைத் தளம், தகரக் கூரை. பின்னால் வீடு, கீரைக் கொல்லை, குட்டை. காலையில் பிடித்தது, பறித்தது, அதுதான் மதியச் சாப்பாடு. கொக்கும் மீன்கொத்தியும் பார்க்கக் கேமராவோடு வருகிறவர்கள் சாயங்காலம்வரை எழுந்திருக்கமாட்டார்கள். இன்றைக்கு அந்த நாற்காலிகளில் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல வியாபாரம் மாதிரி இருந்தது.

வீரமுத்துவின் அண்ணன் அமிர்தலிங்கம் அவளைத் தனியே அழைத்தார். ரெம்பாவ் பக்கத் தோட்டமொன்றில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். குரலைத் தாழ்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர், இன்று தாழ்த்தினார்.

"ஏம்மா, கடைக்குப் பின்னாலயே சாவ வச்சா நாளைக்கு எவன் வந்து சாப்பிடுவான்? சீனனுங்க இதுக்கெல்லாம் ரொம்பப் பயப்படுவாங்க லா. தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். நம்ம ஆளுங்க இருக்காங்க, எல்லாம் அங்கயே செஞ்சிரலாம். ஒன் பொழப்புக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளை இல்லாதவள் இனி இந்தக் கடையை வைத்துத்தான் காலம் தள்ளவேண்டும்.

"இங்கேருந்தே போகட்டும் மாமா."

"யோசிச்சுச் சொல்லு."

"மறுபடியும் ஒரு வண்டியில அவர ஏத்த வேணாம்."

அது பிடிவாதமா, அசதியா என்று அவளுக்கே தெரியவில்லை. அமிர்தலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பறை அடிப்பவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் வோங்கின் கார் சந்தேகமில்லாமல் உள்ளே வந்தது. வோங் சிரம்பானில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சீனர். மனைவியோடு இறங்கினார், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார், வழக்கமான ஓர மேசையில் உட்கார்ந்தார். கழுத்தில் தூரப்பார்வைக் கண்ணாடி தொங்கியது.

நீலாவதியின் கால்கள் தானாக அந்த மேசைக்குப் போயின. வோங் மலாயில் சொல்லிக்கொண்டே போனார். சியாக்காப் மீன், ஆவியில். இறால் சம்பால். கங்கோங். கங்கோங் கீரை பறித்திருக்கிறதா என்று அவள் மனம் ஒருமுறை கொல்லைக்குப் போய் வந்தது.

"போஸ் எங்கே?" வீரமுத்துவை அவர் அப்படித்தான், முதலாளி என்று, கூப்பிடுவார். "நேற்றுக் காலையில் போன் பண்ணினார். பருந்து வர ஆரம்பித்துவிட்டது, நாளைக்கே வா என்றார்."

அந்தப் போன் அவளுக்குத் தெரியாது. ஐஸ்காரனிடம் பேசுகிறான் என்று நினைத்திருந்தாள்.

"போஸ் தாடா," என்றாள்.

"எப்போது வருவார்?"

தாடா என்றால் இல்லை. வெளியே போனவனுக்கும் அதே சொல்தான். இன்னும் தெளிவாகச் சொல்ல அவளிடம் இருந்தது, மீன் செத்தாலும் மோட்டார் நின்றுபோனாலும் சொல்கிற 'மாத்தி' மட்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமிர்தலிங்கம் வேகமாக வந்தார். தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், இது தன் தம்பி, நேற்றுச் செத்துப்போனான், இன்றைக்குக் கடை இல்லை என்றார்.

வோங்கின் மனைவி உடனே எழுந்து காருக்குப் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டாள். அமிர்தலிங்கம் நீலாவதியைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வோங் மட்டும் தொப்பியைக் கழற்றினார். வீட்டுக்குள் போய்ச் சவப்பெட்டிக்கு முன்னால் மூன்று தடவை குனிந்தார். திரும்பி வந்து, கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

வெயில் ஏறியபோது பருந்துகள் வந்தன. சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி, இறக்கை அசைக்காமல், கூரைக்கு நேர் மேலே வட்டமிட்டன. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வோங் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கண்ணாடியை அவர் கை தொடவில்லை.

நீலாவதி அவர் அருகில் போனாள்.

"தெங்கோலா," என்றாள். பாருங்கள். "அவரு அதுக்குத்தானே கூப்புட்டாரு." பாதி மலாய், பாதி தமிழ். அவருக்குப் புரிந்தது. கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். அவர் தோள் குலுங்கியது. கண்ணாடியை வெகுநேரம் இறக்கவில்லை.

மதியத்துக்கு மேல் பறை முழங்கியது. அமிர்தலிங்கத்தின் மகன் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் போனான். ஆண்கள் எல்லோரும் போனார்கள். வோங்கின் காரும் பின்னால் ஊர்ந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். ராக்கம்மா நீலாவதியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஈரத் தலையோடு அவள் கடைப்பக்கம் வந்தபோது ஐஸ் லோரி நின்றிருந்தது. ஐஸ்காரனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஐஸ் பாளத்தைத் தோளிலிருந்து பலகையில் இறக்கி, சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளையும் இறைந்து கிடந்த பூவையும் கவனித்தான்.

"காக்கா..." அக்கா என்று மலாயில் மெதுவாக அழைத்தான். "நாளைக்கு வரணுமா?"

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் லோரிச் சாவியை விரலில் சுற்றிச் சுற்றி நிறுத்தினான்.

"வா," என்றாள்.

லோரி போனது. சாக்குக்கு அடியில் ஐஸ் கரைந்து, பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே சேற்றில் விழுந்தது. அங்கே நின்றிருந்த கொக்கு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டது.